கேம் கடைப் பிள்ளை எழுதுவது

தம்பி,

மகனே என்று கூப்பிட்டுத்தான் இதைத் தொடங்க நினைத்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. உனக்கும் எனக்கும் ஒரு வயதும் சில மாதங்களும்தான் வித்தியாசம். ஆனாலும் அப்பா இறந்து அம்மா குவைத்துக்குப் போன பிறகு உன் சட்டைக்குப் பொத்தான் தைத்தவள் நான்தான். உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் டிக்கோயா ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவளும், உன் பள்ளிக்கூடக் கூட்டங்களில் தாய்மார் உட்காரும் கதிரையில் உட்கார்ந்தவளும் நான்தான். நம் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், என்னைக் குட்டி அம்மா என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியை நான் உண்மையாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன். அதனால் ஒரு தாய் எழுதுகிற மாதிரிதான் எனக்கு எழுத வருகிறது. போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் வரும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். ஒளித்து எழுதவில்லை. லயத்தில் வேறு யார் படித்தாலும் படிக்கட்டும்.

நேற்று உன் கொழும்பு முதலாளி, நான் வேலை செய்கிற மாமாவின் கடைக்குப் போன் எடுத்தார். மாமா சாப்பிடப் போயிருந்ததால் நான்தான் எடுத்தேன். அவர் ஒன்று கேட்டார், நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலால் உன் வேலை போனாலும் போகலாம். இன்று போயா விடுமுறை, உங்கள் கடை பூட்டியிருக்கும். நாளைக் காலையில் நீ அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதற்கு முன்னால், நான் அந்தப் பதிலை ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இது.

உன்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு நாள் நீ வந்ததும் வராததுமாகப் பையைத் தண்ணிப் பீலிக்கு எடுத்துப்போய்ச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தாய். புத்தகங்களைக் கூட வெளியே எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மோந்து பாத்துட்டு கொழுந்து நாத்தம் அடிக்குதுன்னானுங்க" என்றாய். நம் வீட்டில் அப்போது தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் யாரும் இல்லை. அம்மா குவைத்தில் யார் வீட்டுத் தரையையோ துடைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த நாற்றம் உன் மூக்குக்குள் புகுந்துவிட்டது. நனைந்த புத்தகங்களை அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டு ஒவ்வொரு தாளாக நான் பிரித்து வைத்தேன். அப்போதே நான் உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு என்ன தெரியும்? சோறு போட்டேன், நீ தின்றாய், அவ்வளவுதான்.

அந்த வருடமே பெற்றோர் கூட்டம் வந்தது. அம்மாவின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். வகுப்பு டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். நீ எழுந்து நின்று, "இவங்கதான் டீச்சர்" என்றாய். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னிடம், "நான் ஒரு வார்த்தகூட பேசல, கோவமா?" என்று கேட்டேன். "நீ ஒண்ணும் பேச வேணாம்க்கா. வந்து உக்காந்ததே போதும்" என்றாய். அதை எவ்வளவு நாள் மனதுக்குள் வைத்து இனித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

நான் ஹட்டன் டவுனில் மாமாவின் கடைக்கு வேலைக்குப் போனது உனக்காகத்தான் என்று சொல்ல மாட்டேன். கொழுந்து மலைக்குப் போகப் பிடிக்கவில்லை, அதற்காகவும்தான். மாமா நமக்குச் சொந்தக்காரர் இல்லை. எல்லாரும் மாமா என்கிறார்கள், நானும் மாமா என்கிறேன். முன்பக்கத்தில் பழுதான போன் திருத்துகிறார். பின்பக்கத்தில் பலகை வைத்து மறைத்து, பழைய டிவிகளும் சீடி போட்டு விளையாடுகிற பழைய கேம் பெட்டிகளும் வைத்திருக்கிறார். எல்லாரும் போனிலேயே விளையாடுகிற காலத்தில் இதற்கு யார் வருவார்கள் என்று நானும் நினைத்தேன். தோட்டத்துப் பையன்கள் வருகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தோளால் இடித்து, "டேய் பந்த குடுடா, மாடு" என்று கத்திக்கொண்டு விளையாடுவதற்குப் போன் சரிவராது. சீடி துடைப்பதும் மாற்றுவதும், நேரம் முடிந்தவனை எழுப்புவதும் என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. பலகையைத் தட்டினால் போதும், எழும்பிவிடுவான்கள்.

அந்தப் பெட்டிகளுக்குள் ஒரு காவல் இருக்கிறது. அதை உனக்குச் சொல்லித் தந்தவளும் நான்தான். கம்பனி சீடியின் நடு ஓட்டைக்குப் பக்கத்தில், உள் வளையத்தில், தடம் நேராகப் போகாது. வேண்டுமென்றே ஒரு நெளிவு வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. பெட்டியைப் போட்டதும் அது முதலில் போய்ப் பார்ப்பது அந்த நெளிவைத்தான். இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் சிவப்புத் திரையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கொப்பி அடிக்கிற மெஷின் சீடியில் இருக்கும் பாட்டு, படம், கார், பந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிவிடும். நெளிவை மட்டும் எழுதாது. நெளிவு எழுத்து இல்லை, அது தடம் போகிற விதம். வெறும் சீடியைச் செய்யும்போதே அதற்கு ஒரு தடம் போட்டுவிடுகிறார்கள். கொப்பி மெஷின் அந்தத் தடத்தில்தான் போகும். நம் தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறி பழைய சக்கரக் குழியிலேயே போகிற மாதிரி. டிரைவர் நினைத்தாலும் விலக முடியாது. நான் இப்படிச் சொன்னபோது நீ கைதட்டிச் சிரித்தாய். "அக்கா, நீயே ஒரு டீச்சருக்கா" என்றாய்.

மாமாவின் பெட்டிகளில் பலவற்றுக்கு உள்ளே சிப் வைத்திருக்கிறது. என்ன சீடி போட்டாலும், "அசல்தான், அசல்தான்" என்று அந்தச் சிப்பே பெட்டிக்குப் பதில் சொல்லிவிடும். ஒரு பெட்டிக்கு மட்டும் சிப் இல்லை. அதைத் திறக்க வேறு வழி. மூடி திறந்திருப்பதைப் பெட்டி தெரிந்துகொள்ளாமல் இருக்க, மூடி அழுத்துகிற பொத்தானில் பஸ் டிக்கட்டை மடித்துச் செருக வேண்டும். முதலில் அசல் சீடியைப் போட வேண்டும். கடையில் இருக்கும் அசல் ஒன்றே ஒன்று. ஜப்பான் எழுத்தில் ஏதோ கார் கேம், அதை யாரும் விளையாடியதே இல்லை. பெட்டி அதைப் பார்த்து, நெளிவைச் சரிபார்த்து முடித்ததும் சுற்றுகிற வேகம் குறையும். காதால்தான் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் அசலைத் தூக்கிவிட்டுக் கொப்பியை வைத்தால் பெட்டிக்குத் தெரியாது. ஒரு முறை பார்த்துவிட்டது, இனிமேல் பார்க்காது என்று நாம் நம்புகிறோம். அது எப்போதும் சரி இல்லை. பின்னால் வந்த சில கேம்கள் நடுவிலும் பார்க்கும். அதிலும் மாட்டுவது சிப்தான். பெட்டி கேட்காத நேரத்திலும் அசல், அசல் என்று கத்திக்கொண்டே இருப்பதால் அந்த கேம் பிடித்துவிடும். இதையும் உனக்குச் சொன்னேன். நீ அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனி ஏப்ரல் மாதத்துக்கு வருகிறேன். கொழும்பில் பெரிய போன் கடை, திருத்துகிற மேசையில் வேலை, தெரிந்த பையன் ஒருவன் மூலமாகப் பேசியாகிவிட்டது என்று நீ சொன்னபோது அழுதேன். சந்தோஷத்தில்தான். முதலாளி குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு வசந்த காலம் பார்க்க வருகிறார், வழியில் உன் வீட்டு ஆட்களைப் பார்த்துவிட்டுப் போவார் என்றாய். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்டேன். "வீட்டுக்கு வர மாட்டாங்கக்கா, கடைக்குத்தான் வருவாங்க" என்றாய். நீ அவரிடம் ஹட்டன் டவுன் பையன் என்று சொல்லியிருந்தாய். அப்பாவுக்குச் சொந்தக் கடை என்றும் சொல்லியிருந்தாய். மாமாவிடம் கெஞ்சி அவரையும் சம்மதிக்க வைத்திருந்தாய். அன்று காலையில்தான் எனக்கே தெரியும். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்து நின்றார். "ஒரு புள்ளைக்கு வேல கெடைக்கும்னா ஒரு மணி நேரம் அப்பனா இருந்தா கொறஞ்சா போயிருவேன்? எனக்கும் ஆம்புளப் புள்ள இல்ல" என்றார். நீ என்னிடம், "அக்கா, நீ ஒண்ணும் பேசாத" என்றாய். நான் எப்போது பேசியிருக்கிறேன்?

வேன் வந்து நின்றது. முதலாளி, அவருடைய மனைவி, பத்து வயது மதிக்கத்தக்க மகன். மாமா கையைக் கட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க. சின்னக் கடைதாங்க" என்றார். மகன் இங்கேதான் வேலை பழகினானா என்று முதலாளி கேட்டார். "சின்னதுலருந்து இங்கதாங்க கெடப்பான். சோறு திங்கக்கூட நாலு தடவ கூப்புட்டாத்தான் வருவான்" என்றார் மாமா. அன்று காலையிலும் உனக்கு ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, நீ தின்று முடிக்கும் வரை பக்கத்தில் நின்றவள் நான். மாமா சொன்ன அழகைக் கேட்டால் யாரும் நம்புவார்கள். எனக்கே அவர்தான் சோறு போட்டாரோ என்று இருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ள யாரு?" என்று கேட்டார். மாமா உன்னைப் பார்த்தார். நானும் உன்னைப் பார்த்தேன். நீ சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "கடையில வேல செய்யிற புள்ளங்க மேடம்" என்றாய். அவர் என்னிடம் ஊரைக் கேட்டார். வாய் தானாகத் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டது. "அதான் பாத்தேன். தோட்டத்துப் புள்ளைங்கதான் இப்படி அடக்கமா இருக்கும். எங்க பக்கத்துல எல்லாம் வாய் இந்த நீளம்" என்று கையைக் காட்டினார். நீ சிரித்தாய். "ஆமாங்க மேடம்" என்றாய்.

அவர்கள் மகன் விளையாட வேண்டும் என்று அடம்பிடித்தான். சிப் வைத்த பெட்டிகளில் எல்லாம் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிப் இல்லாததுதான் மிச்சம். உனக்குத்தான் தெரியுமே, நீயே உட்கார்ந்தாய். வேகம் குறைவதற்கு முன்பே அசலைத் தூக்கிவிட்டாய். திரை சிவப்பாகிவிட்டது. "ஒடைஞ்சிருச்சா?" என்றான் சின்னவன். இரண்டாம் முறையும் சிவப்பு. நீ திரும்பாமலேயே, "ஏய், இங்க வா, இத பாரு" என்றாய்.

ஏய்.

தம்பி, நீ என்னோடு சண்டை போட்டிருக்கிறாய், சட்டியைத் தூக்கி எறிந்திருக்கிறாய், ஒரு முறை என் தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறாய். அப்போதெல்லாம் அக்கா என்று கத்திக்கொண்டேதான் இழுத்தாய். நான் வந்து உட்கார்ந்தேன். டிக்கட்டைச் சரியாகச் செருகினேன், அசலைப் போட்டேன், காதை வைத்தேன், மாற்றினேன். பந்து உருண்டது. முதலாளி, என்ன கோளாறு என்று கேட்டார். நீ, "லென்ஸ் கொஞ்சம் வீக்குங்க சேர்" என்றாய். கையில் இருந்த அசல் சீடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்கள் போகும் வரைக்கும் விரலில் மாட்டிக்கொண்டே நின்றேன்.

நீ கொழும்புக்குப் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், பிறகு இல்லை என்று சொல்லாதே. "தப்பா எடுத்துக்காதக்கா. நான் சொன்னதுல பொய் இல்லையே. நீ கடையில வேல செய்யிற புள்ளதானே?" ஆமாம் என்றேன். பொய் இல்லைதான். பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே மறுத்திருப்பேனோ என்னவோ. உண்மையைச் சொல்லியே என்னை இல்லாமல் ஆக்கிவிட்டாயே, அதற்கு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு வந்தேன், சோற்றுப் பார்சலைக் கொடுத்தேன். ரெயில் போன பிறகு கடைக்குப் போய் மற்றப் பையன்களுக்குச் சீடி மாற்றினேன்.

பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எழுதினால் புத்தி சொல்வார்கள். நானும் சொல்கிறேன். சட்டைக் கழுத்தை மட்டும் தனியாகத் தேய், இல்லாவிட்டால் கொழும்பு வேர்வைக்கு மஞ்சள் பிடிக்கும். வெள்ளிக்கிழமை அம்மா எடுக்கும்போது போனை அணைத்து வைக்காதே. அவருக்குப் பேசக் கிடைப்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான். உன்னை யாராவது தோட்டக்காட்டான் என்றால் நீ அடித்தாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, அவனோடு சேர்ந்து சிரிக்காதே. அன்று கடையில் நீ சிரித்த சிரிப்பை நான் மறக்க முயற்சி செய்கிறேன், முடியவில்லை. டவுன் பையன், டவுன் பையன் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. உன் கூட்டாளி ஒருவன் மாமாவிடம் சொல்லிச் சிரித்தானாம், "அவன் கொழும்புல மூச்சுக்கு முந்நூறு தரம் எங்க அப்பா கட, எங்க அப்பா கடங்குறான்" என்று. நம் அப்பா மலையில் மரம் வெட்டும்போது செத்தவர். அவருக்கு இருந்த கடை அந்தக் கத்தி ஒன்றுதான். அதைக் கூரைக்குக் கீழே இன்னும் நான்தான் துடைத்து வைத்திருக்கிறேன்.

உனக்கு ஏன் பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தோட்டம் என்று தெரிந்தால் திருத்துகிற மேசையில் விடமாட்டார்கள், தேத்தண்ணி வாங்கவும் கூட்டவும் விடுவார்கள் என்றாய். இருக்கலாம். அப்படிப் பலரை நடத்தியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், எங்கள் முதலாளி மகன் கொழும்பில் இருக்கிறார் என்றே சொன்னேன். என் வாயால், அவர், இவர் என்று மரியாதை போட்டுச் சொன்னேன். நீ நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். நேற்று வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று போன் அடித்தது. தம்பியின் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். சாப்பிடப் போயிருக்கிறார் என்றேன்.

"நீ அந்தக் கடைப் புள்ளதானே? நல்லதாப் போச்சு. ஒன்னப் பத்திப் பேசத்தான் எடுத்தேன். எங்க வீட்ல சமையலுக்கு ஒத்தாசையா ஒரு புள்ள வேணும். மேடத்துக்கு ஒன்னப் புடிச்சிருக்கு. தம்பிகிட்டயும் கேட்டேன். நல்ல புள்ள, அப்பாகிட்ட சொல்லி அனுப்பச் சொல்லுங்க, அது வீட்லயும் பெரியவங்க யாரும் இல்லன்னு அவன்தான் சொன்னான்."

நீ அதை எப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. முடியாது என்று சொல்ல வழி தெரியாமல் சொல்லியிருப்பாய். மேடத்துக்கு முன்னால் தலையை ஆட்டியிருப்பாய். இரவு முழுவதும் உனக்காக நானே காரணம் தேடிக் கொடுத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் நான் நிற்க, நீ முன்வாசலில் நின்று அவரோடு பேச, நான் உனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைப்பேன். நீ வாங்கிக் குடிப்பாய். இதை நினைத்துப் பார்க்காமலா தலையை ஆட்டினாய்?

"வர முடியாதுங்க" என்றேன்.

"ஏம்மா? தனி ரூம் இருக்கு, டிவி இருக்கு. எங்க புள்ள மாதிரித்தான் பாத்துக்குவோம்."

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். நான் வளத்த புள்ள."

"கூட்டிட்டு வரப்போறியா அவனையும்? பெரிய பையனா, சின்னப் பையனா?"

"பெரிய பையன்தாங்க. கொழும்புல வேல செய்றான்."

"கொழும்புலயா! அப்ப என்ன, அடிக்கடி பாத்துக்கலாமே. எந்தக் கடையில?"

வாழ்க்கையில் என்னிடம் யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. எனக்குப் போனில் பேச்சு வந்தது, அதுதான் ஆச்சரியம்.

"உங்க கடையிலதாங்க" என்றேன்.

பின்னால் அந்த அம்மா, "என்னங்க, வருதாமா?" என்று கேட்பது கேட்டது. பிறகு போன் அணைந்தது. மாமா வந்ததும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்து, "ஐயோ, அவன் வாயில மண்ணப் போட்டியே புள்ள" என்றார். பிறகு, "அந்த வீட்டுக்கா ஒன்ன அனுப்பச் சொன்னான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை.

நாளைக் காலையில் முதலாளி உன்னைக் கூப்பிடுவார். வேலை போனால் வீட்டுக்கு வா, உலை வைக்கிறேன். போகாவிட்டால் அங்கேயே இரு, ஒழுங்காக வேலை செய். எதுவானாலும் அவர் முதலில் கேட்கப்போவது, அந்தப் பிள்ளை உனக்கு யார் என்றுதான். எழுத, பஸ் ஏற, சீடி மாற்ற, எல்லாம் உனக்கு நான்தான் சொல்லித் தந்தேன். இதற்குப் பதில் சொல்லித் தர மாட்டேன்.

அக்கா